இடைநின்று தாங்குவது

தேரைப் பாட வந்த புலவர் பலர். அதன் உயரத்தையும் கொடியையும் மணியோசையையும் அவர்கள் பாடினர். சக்கரம் கழன்றோடாமல் காக்கும் சிறிய அச்சாணியின்மேல் கண் வைத்தவர் வள்ளுவர். அவர் வழியில், மோட்டார் வண்டிக்குள் எவரும் திரும்பிப் பாராத ஓர் உறுப்பினைப் பற்றி இம்மலரில் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம். தேருக்கும் சகடத்திற்கும் இலக்கியத்தில் இடமுண்டெனில் காருக்கு மட்டும் ஏன் கதவடைக்க வேண்டும்?

நாம் கருதும் உறுப்பு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வண்டியின் உடலோடு பிணைக்கும் ரப்பர்க் கட்டை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதனை 'மவுண்டிங்' என்பர். வடபுலத்து மிஸ்திரிகள் 'ஃபவுண்டேஷன்' என்பர். அஸ்திவாரம் என்ற பொருளில் வழங்கும் இப்பெயர் ஒருவகையில் பிழையானது. அஸ்திவாரம் அசையக்கூடாது, இதுவோ அசைவதற்கென்றே செய்யப்பட்டது. ஆயினும் பெயரிட்டவன் அறிவிலி அல்லன். மேலே நிற்பது எத்துணைப் பெரிதாயினும் கீழே இது சரியில்லையெனில் ஒன்றும் நிலைக்காது என்பதை அவன் உணர்ந்திருக்கிறான்.

ஒரு வண்டி அது பிறந்தபோது பெற்ற எஞ்சினோடு வாழ்ந்து முடியுமாயின் இவ்வுறுப்பைப் பற்றி எவரும் கவலைப்பட நேராது. தொழிற்சாலையில் அளந்து வைத்த இடத்தில் அளந்து செய்த கட்டை அமர்ந்திருக்கும். வேறொரு வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்தும்போதுதான் இது பெருஞ்சிக்கலாகிறது.

இந்தியாவில் இதற்கு அம்பாஸிடர் வண்டியைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அச்சாகக் கொண்டு, 1950களின் இறுதியில் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பிறந்த அவ்வண்டி 2014-ஆம் ஆண்டு வரை அங்கே உருவாயிற்று. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வில் அதன் முதுகின் வளைவு பெரிதும் மாறவில்லை, நெஞ்சுதான் மாறிக்கொண்டேயிருந்தது. நெடுங்காலம் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். 1980-ஐ ஒட்டி அதே கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின். 1990களில் ஜப்பானிய இசூசு வடிவமைத்த 1817 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும். ஆலையினர் வெளிப்படையாகச் செய்ததை ஊர்தோறும் பட்டறையினர் அமைதியாகச் செய்தனர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியபின், டாக்ஸி வைத்திருந்தோர் பலர் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, எங்கோ கழற்றிய டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டனர். சென்னைப் புதுப்பேட்டையிலும் கல்கத்தா மல்லிக் பஜாரிலும் தில்லி மாயாபுரியிலும் உடைத்த வண்டிகளின் உறுப்புகள் வாங்கக் கிடைத்தன. சங்கிலிக் கப்பியில் தொங்கியபடி ஓர் எஞ்சின் அயல் வீட்டிற்குள் இறங்கும் காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இங்கே தத்துவ நாட்டமுடையோர் உடனே ஒரு வினாவை எழுப்புவர். எஞ்சின் மாறிய பின் இது அதே வண்டியா? பழைய வினாதான் இது. நாகசேனர் என்ற பிக்கு மிலிந்த மன்னனை நோக்கி, அவன் ஏறி வந்த தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, 'இதுவா தேர்?' என்று வினவிய செய்தியை 'மிலிந்த பஞ்ஹா' என்னும் பௌத்த நூல் கூறும். அச்சும் தேரன்று, சக்கரமும் தேரன்று. உறுப்புகள் கூடிய நிலைக்கு நாம் இட்ட பெயரே தேர் என்பது அங்கே கிடைக்கும் விடை. நம் அரசாங்கம் நாகசேனரைப் போல அத்துணை துணிவுடையதன்று. பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மாற்றியமைப்போர் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்கிறது. உடலுக்கு ஓர் எண், உயிருக்கு ஓர் எண் என்று வைத்துக்கொண்டால் வழக்கு எளிதாகிவிடும் என்பது சட்டத்தின் எண்ணம் போலும்.

இவ்வினாவை நாம் இகழவில்லை. எனினும் பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவன் இதனைக் கேட்பதில்லை என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இது எது என்பது அவன் கேள்வியன்று; இவ்விரண்டும் எப்படிச் சேர்ந்து வாழும் என்பதே அவன் கேள்வி. முன்னதினும் பின்னதே அறத்திற்கு நெருங்கியது என்பது நம் கருத்து.

அவன் பணியைச் சற்று அருகிருந்து காண்போம். எஞ்சினைத் தாங்கும் கட்டைக்குத் தொழில் மூன்று. முதலாவது, எடையைச் சுமத்தல். இது எளிது. இரண்டாவது, முறுக்கத்தைத் தாங்குதல். எஞ்சின் தண்டை ஒரு பக்கம் சுழற்றும்போது அதன் உடல் மறுபக்கம் புரள முயலும். முதல் கியரில் இம்முயற்சி பன்மடங்காகும். எஞ்சின் 10 கிலோகிராம்-மீட்டர் முறுக்கம் தருவதாகவும் முதல் கியர் அதனை நான்கு மடங்காக்குவதாகவும் கொண்டால், கட்டைகள் எதிர்நின்று தாங்கவேண்டியது 10 அன்று, 40. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலாகப் பிணைந்திருப்பதால் பெருக்கிய முறுக்கத்தின் முழு எதிர்வினையும் அவற்றின்மேலேயே விழுகிறது. மேட்டில் வண்டியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்துக் கட்டை நசுங்குகிறது. மறுபக்கத்துக் கட்டை கிழிபடும் அளவுக்கு இழுபடுகிறது.

மூன்றாவது தொழிலே நுட்பமானது. நடுக்கத்தைத் தடுத்தல். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுழற்சியில் இருமுறை வெடிக்கும். நின்ற இடத்தில் நிமிடத்திற்கு 750 சுழற்சியில் ஓடும்போது நொடிக்கு 25 வெடிப்பு. டீசல் எஞ்சினாயின் காற்றைப் பெட்ரோலினும் இருமடங்குக்கு மேல் அழுத்தி வெடிப்பதால் ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடி. இந்த நடுக்கம் உடலுக்குள் புகாதிருக்க வேண்டுமாயின் ரப்பர் மென்மையாக இருத்தல் வேண்டும். அதன்மேல் அமர்ந்த எஞ்சினின் இயல்பான ஆட்டம் நொடிக்கு 25 என்ற அந்த வேகத்திற்கு மிகவும் கீழே நிற்க வேண்டும். இரண்டும் நெருங்கினால், தடுக்க வந்த ரப்பரே நடுக்கத்தைப் பெருக்கிவிடும்.

இப்போது முரண் விளங்கும். முறுக்கத்தைத் தாங்க வன்மை வேண்டும். நடுக்கத்தைத் தடுக்க மென்மை வேண்டும். ஒரே கட்டை இரண்டும் ஆகவேண்டும். இரும்பை இரும்போடு இறுக முடுக்கிவிட்டால் எஞ்சின் அசையாது. ஆனால் அதன் நடுக்கம் முழுவதும் தகட்டுக்குள் பாய்ந்து, கண்ணாடி அதிர்ந்து, பற்றவைப்பு பிளந்து, பன்னிரண்டு மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்த ஓட்டுநரின் விரல்கள் மரத்துப் போகும். மிக மெல்லிய ரப்பரை வைத்தால் உள்ளே அமைதி. ஆனால் எஞ்சின் துள்ளித் துள்ளித் தன் விசிறியையே ரேடியேட்டரில் மோதிக்கொள்ளும். தொடக்க காலக் கார்கள் பலவற்றில் எஞ்சின் நேரே சட்டத்தில்தான் முடுக்கப்பட்டது. 1931-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் குழுமம் பிளிமத் வண்டியில் எஞ்சினை ரப்பரின்மேல் மிதக்கவிட்டு, அதற்கு 'மிதக்கும் ஆற்றல்' என்னும் பொருளில் பெயரிட்டது. எஞ்சின் புரள விரும்பும் அச்சு எதுவோ அதனைக் கண்டறிந்து, முன்னே உயரத்திலும் பின்னே தாழ்விலும் தாங்கிகளை வைத்து, அவ்வச்சின் வழியே சிறிது புரள இடம் கொடுத்தனர். அதன் உரிமையைப் பெற்ற பிரெஞ்சு நாட்டு சிட்ரோயன் தன் சின்னத்தில் ஓர் அன்னத்தை நீந்தவிட்டது. புரளாதே என்று தடுப்பதை விட்டு, எந்தப் பக்கம் புரள்வது உன் இயல்பு என்று கேட்டறிந்து இடம் விட்டதே அங்கு நிகழ்ந்த புதுமை.

பொருத்தும் முறையிலும் இக்கேள்வி தொடர்கிறது. நல்ல மிஸ்திரி எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒன்றாகப் பூட்டித் தொங்கவிட்டு முதலில் இடம் பார்ப்பான். எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, ஸ்டீரிங் தண்டுக்கும் புகைப் போக்கிக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்று தடவிப் பார்ப்பான். பின்னர் கோணம். கியர்பாக்ஸின் பின்முகமும் டிஃபரன்ஷியலின் முன்முகமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். இரு முனைக் கிராஸ்களும் சம கோணத்தில், பொதுவாக 3 பாகைக்குள் வளைய வேண்டும். அது தவறினால் புரொபெல்லர் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் தயங்கியும் சுழலும். எந்த ரப்பராலும் அதனை அடக்க இயலாது. திசை கோணலாக இருக்கும் இடத்தில் மென்மை உதவாது என்று நாம் இதனைப் பொருள் கொள்கிறோம். கோணம் அமைந்தபின் தாங்கிகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்தி, ரப்பரைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் முழுப் பற்றவைப்பு நிகழும். வெப்பம் பட்டால் ரப்பர் இரும்பிலிருந்து விட்டுப் பிரியும். கடைசியில், போல்ட்டுகளைத் தளர்வாக இட்டு, எஞ்சினின் எடையை மெல்ல இறக்கி, அது தானாக அமர்ந்தபின் முடுக்குவான். அவசரக்காரன் முதலில் முடுக்கிவிட்டு, பொருந்தாத துளைக்குள் கடப்பாரையால் நெம்புவான். அவ்வாறு நெம்பிய கட்டை முதல் நாளே முறுகிய நிலையில் பணி தொடங்குகிறது.

இவ்விரு மிஸ்திரிகளின் வேலையும் பானெட்டை மூடிய பின் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு ஓராண்டு கழித்து, வேறு எவனோ ஒருவனுடைய கையில் தெரியும்.

திருமூலர் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடக்க அவனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைக் கண்டு, தம் உடலை ஒருபால் மறைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். பழைய உடலில் புதிய உயிர். பசுக்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை, புதியவர் பழையவனின் வேலையைச் செய்தார். மேய்த்தார், நீர் காட்டினார், மாலையில் ஊர் சேர்த்தார். மூலனின் மனைவி அவ்வாறு ஏற்க இயலவில்லை. கணவன் முகத்தோடு ஒருவர் வந்து, உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். அவள் அன்றிரவு துயின்றிலள். மறுநாள் ஊராரிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோக நிலையில் உள்ளவர் என்று அவளுக்கு உரைத்துச் சென்றனர். நமக்குத் திருமந்திரம் கிடைத்தது. அவளுக்கு என்ன கிடைத்தது?

யோகியாரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கூடுவிட்டுக் கூடு பாய்தலைப் பேசுவோர் எல்லாரும் உயிர் எது, உடல் எது என்றே பேசுகின்றனர். அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, அதிர்ச்சி முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்ட ஒருத்தியைப் பற்றிப் பேசுவதில்லை என்பதையே சுட்ட விரும்புகிறோம்.

பொறியியல் பயின்ற நண்பர் ஒருவர் இக்கருத்தை மறுத்தார். ரப்பர் என்பது ஒருவகைப் பொய், என்றார் அவர். பந்தயக் கார்களில் எஞ்சினை நேரே உடலோடு முடுக்குகின்றனர்; எஞ்சின் என்ன செய்கிறது என்பது ஓட்டுநரின் முதுகெலும்புக்கே தெரிகிறது; அதுவன்றோ நேர்மை? நடுக்கத்தை மறைப்பது, குடும்பத்தில் உண்மையை மறைப்பது போன்றது என்று அவர் வாதிட்டார். இவ்வாதத்தில் வலிவு இருக்கிறது. நாமும் சில நாள் இதனைச் சிந்தித்தோம். ஆனால் மறைத்தல் வேறு, ஏற்றல் வேறு. மறைக்கப்பட்ட நடுக்கம் எங்கோ அப்படியே இருக்கும். ரப்பருக்குள் புகுந்த நடுக்கத்தின் ஒரு பகுதி வெப்பமாக மாறி மடிகிறது; ரப்பர் அதற்கு விலை கொடுக்கிறது. பந்தயக் கார் சில மணி நேரம் ஓடினால் போதும். அதில் குழந்தையை உறங்க வைத்து எவரும் இரவுப் பயணம் போவதில்லை.

விலை கொடுக்கிறது என்றோம். நம் வினா உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. இடைநின்று தாங்கும் ஒன்று தேய்ந்தே தீரும். எண்ணெய் சொட்டினால் ஊறி உப்பும். எஞ்சின் சூட்டில் வெந்து இறுகும். ஆண்டுகள் சென்றால் வெடிக்கும். அதைப் பார்ப்பவர் யார்?

வேற்று மாநிலத்தில் வாழ்வைப் பொருத்திக்கொண்ட நம் குடும்பங்களுக்கு இவ்வினா அயலானதன்று. உடல் ஓரிடம், உயிர் ஓரிடம் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறோம். அலுவலகத்தில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பூசையறையில் ஒரு மொழி. ஊரிலிருந்து வந்த பாட்டிக்கும் இந்தியிலோ வங்காளியிலோ கனவு காணும் பேரனுக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். பெரும்பாலும் அவர் தாய். சில வீடுகளில், பள்ளிக்கூடத்தில் வட்டார மொழியை விரைந்து கற்ற மூத்த மகள். பாட்டி சொன்ன சுடுசொல்லைப் பாதியாக்கிப் பேரனிடம் சேர்ப்பவர் அவர். பேரன் முகம் சுளித்ததைப் பாட்டியிடம் களைப்பு என்று மொழிபெயர்ப்பவரும் அவரே. வீடு அமைதியாக ஓடுகிறது என்று தந்தை மகிழ்கிறார். அமைதி எங்கிருந்து வருகிறது என்று அவர் பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை.

ஒருவரை இவ்வாறு இடையில் நிறுத்துவது அறமா? அது அன்பின் இயல்பு, தானே விரும்பி ஏற்ற கடன் என்று விடை கூறுவோர் உளர். நாம் அத்துணை எளிதாக அமைதியுற மாட்டோம். தாமே ஏற்றார் என்பதனால் தேய்மானம் குறைவதில்லை. அதற்காக இடைநிற்போரே வேண்டா என்று இரும்பை இரும்போடு மோதவிடுவதும் தீர்வன்று. பாட்டியும் பேரனும் நேரே மோதிய வீடுகள் பிளந்ததை நாம் கண்டிருக்கிறோம். பட்டறையின் நடைமுறை நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, எஞ்சினை ஒரே இடத்தில் எவரும் தொங்கவிடுவதில்லை. அம்பாஸிடர் போன்ற பின்சக்கர ஓட்ட வண்டியில் பொதுவாக மூன்று இடங்கள்: எஞ்சினின் இருபுறமும் இரண்டு, கியர்பாக்ஸின் வால்பகுதியில் ஒன்று. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும். தரை கோணினாலும் எஞ்சின் உடல் முறுகாது. சுமை ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கும் வீடு, ஒற்றைக் கட்டையில் நிற்கும் எஞ்சின். தந்தையும் ஒரு மூலையைத் தாங்கினால் என்ன? பாட்டியோடு அமர்ந்து அவர் அரைமணி பேசலாம்; மகனுக்குப் பாட்டியின் ஊர்க்கதையைத் தாமே சொல்லலாம். மற்றொன்று, எஞ்சினை மாற்றும்போது பழைய ரப்பரை அப்படியே வைக்க நல்ல மிஸ்திரி ஒப்புவதில்லை. சில நூறு ரூபாய் மிச்சம் என்று உரிமையாளர் சொன்னாலும் அவன் தலையசைப்பான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினை ரப்பரில் மிதக்கவிட்டவர்கள், பின்னிய செப்புப் பட்டை ஒன்றை எஞ்சினிலிருந்து உடலுக்குத் தனியே இணைக்கின்றனர். புதிய எஞ்சினைப் பொருத்தும் பரபரப்பில் இதனை மறப்போர் உண்டு. மறந்தால், ஸ்டார்ட்டரின் பெருமின்னோட்டம் வேறு வழி தேடி, ஆக்ஸிலரேட்டர்க் கேபிளின் மெல்லிய கம்பி வழியாகப் பாய்ந்து அதனைக் கருக்கிவிடும். இடையில் நிற்பவர் எத்துணைத் திறமையோடு அதிர்ச்சியைத் தாங்கினாலும், இரு பக்கமும் நேரே தொட்டுக்கொள்ளும் வழி ஒன்று தனியே இருந்தாக வேண்டும். பேரனுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்பது ஏன் என்று நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பைப் பற்றிக் கேட்போருக்கு நாம் இதனையும் ஒரு விடையாகச் சொல்லலாம். தாயின் மொழிபெயர்ப்பு இன்றியே பாட்டியின் கடிதத்தை அவன் படிப்பான்.

மவுண்டிங் பழுதுற்றதா என்று அறிவது கடினமன்று. பானெட்டைத் திறந்து வைத்துக் கைப்பிரேக்கை இழுத்து, ஒருவர் காலால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைச் சிறிதே விட, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னே நிற்கலாகாது. எஞ்சின் ஒரு பக்கம் எழும்பினால் அப்பக்கத்து ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்துவிட்டது. கியர்பாக்ஸின் கட்டை கீழே மறைந்திருப்பதால் பெரும்பாலோர் அதனை விட்டுவிடுவர். கியர்க் கம்பி துள்ளுவதைக் கொண்டு அதனை அறியலாம். பத்து நிமிட வேலை.

வீட்டில் இதற்கு நிகரான சோதனை எது என்று நாம் பலரையும் வினவினோம். விடை சொன்னவர் இலர். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் ரயிலில், பிள்ளைகளும் பாட்டியும் உறங்கியபின், சன்னலோரத்தில் ஒரு பெண்மணி எவரோடும் எம்மொழியிலும் பேசாமல் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வருவதை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம்.